டீக்கிளாசில் பிடித்த டீசல்

விளிம்பில் சின்னதாக உடைந்த டீக்கிளாஸ் அது. டீசல் பிடிக்க மட்டும்தான். என் வீட்டுக்காரர் காலையில் லாரியை எடுக்கும் முன் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி அதில் அரை கிளாஸ் பிடிப்பார். வாசலில் நின்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும். தெளிவாக இருந்தால்தான் சாவியைத் தொடுவார். பேரலிலிருந்து டேங்குக்கு ஊற்றும்போதும் நாலாக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டுவார். புது வேட்டி ஆகாது, பிசிறு விடுமாம். "பிள்ளைக்குப் பால் ஆத்தறதுக்கு இத்தனை பதனம் பார்க்கமாட்டீங்க" என்று குத்திக்காட்டுவேன். "பால் கெட்டா வவுறு வலிக்கும், அத்தோட போச்சு அம்மணி. டீசல் கெட்டா மலையில நிக்கோணும்" என்பார்.

தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டியிலிருந்து மைசூருக்குத் துணி ஏற்றிக்கொண்டிருந்தோம். கொழுந்தன் லோடு ஏற்றி, டீசல் நிரப்பி வீட்டில் கொண்டுவந்து விடுவான், இவர் மலையேறுவார். எங்கள் கல்யாணத்தன்று அரை டிராயரில் ஓடித்திரிந்தவன் அவன். ஒருநாள் லோடு ஏற்றிய இடத்தில் டேங்க் மூடி தொலைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் சாத்திக்கிடந்தன. தறி ஓடும் ஊரில் கை துடைப்பதற்கும் ஒழுகலை அடைப்பதற்கும் கைக்கு வருவது பஞ்சு வேஸ்ட்தான். அதில் ஒரு பிடி எடுத்து டேங்க் வாயில் திணித்துவிட்டு வந்தான். அண்ணனிடம் சொல்ல நினைத்திருக்கிறான். சாப்பாடும் பேச்சுமாக மறந்துவிட்டது. தம்பி நிரப்பிய டேங்க் என்பதால் இவரும் மூடியைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கிளாசில் டீசல் தெளிவாகத்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

வழிநெடுகக் குலுங்கியதில் பஞ்சு உள்ளே விழுந்து, டீசல் இழுக்கும் குழாயை அடைத்துவிட்டது. திம்பம் ஏற்றத்தில், ஒரு கொண்டையூசி வளைவில் எஞ்சின் நின்றது. பாரவண்டி பிரேக்குக்கு நிற்காமல் பின்னால் உருண்டு கவிழ்ந்தது. இவரைத் துணி சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

லாரியை வாசலுக்கு இழுத்துவந்த பிறகு மெக்கானிக் பாய் டேங்கைக் கழற்றி, கறுத்துப்போன பஞ்சுத் திரியை உருவி வெளியே போட்டார். கொழுந்தன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஆத்திரம் இல்லாமலா? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். இனி உன் மூஞ்சியில் விழிக்கமாட்டேன் என்றேன். அவன் சோறு தண்ணி இல்லாமல் லாரிக்கடியில் சுருண்டு கிடந்தான். நாளாக நாளாக எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வீட்டில் இன்னொரு சாவையும் பார்க்க வேண்டியிருக்குமோ என்று.

லாரி ஓடியாக வேண்டும், என் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். வண்டி சரியாகி வந்த காலையில் அவனே அந்தக் கிளாசை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

"நங்கை, சுத்தமா இருக்குதுங்களா?"

கிளாசை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கினேன். கிளாசுக்கு அந்தப் பக்கம் நின்றவன் அச்சு அசல் அவன் அண்ணனாகவே தெரிந்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குது கண்ணு. பார்த்துப் போ" என்றேன். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தான்.

இன்று அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. புது லாரியில், டீசலில் தண்ணீர் சேர்ந்தால் முன்னால் ஒரு விளக்கு எரிந்து காட்டிவிடுமாம். ஆனாலும் காலையில் அந்த உடைந்த கிளாசோடு என் முன்னால் வந்து நிற்கிறான். நான் சொல்லாமல் வண்டி நகராது. அவன் கேட்பது டீசலைப் பற்றியல்ல என்று எனக்குத் தெரியும். என் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது அவனுக்குத் தெரியாது. இன்று காலையும் கிளாஸ் முழுக்கக் கலங்கலாகத்தான் தெரிந்தது. வழக்கம்போல வெயிலுக்கு நேரே வாங்கிப் பிடித்துப் பார்த்தேன்.

"சுத்தமா இருக்குது கண்ணு. போயிட்டு வா."