மழலைப் பள்ளி போர்டு

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தாள் கிறிஸ்டினா. அவள் சொந்தமாக வரைந்து உருவாக்கியது ஒரே ஓர் எழுத்துரு. மூலையே இல்லாத தடித்த எழுத்துகள். கொம்பும் சுழியும்கூட விரல் நுனி மாதிரி மழுங்கியிருக்கும். கேக் கடைக்காரர்களும் குழந்தைகளுக்கான பல் டாக்டர்களும் 'அந்தக் குண்டு எழுத்து' என்று கேட்டு வந்தார்கள். கண்ணீர் அஞ்சலிக்கும் வக்கீல் போர்டுக்கும் மட்டும் தரமாட்டாள். சிரித்துக்கொண்டே கெட்ட சேதி சொல்வது போலிருக்கும் என்பாள்.

பள்ளிகள் திறக்கும் சமயத்தில் தனசிங் என்பவர் வந்தார். நடுவயதுக்காரர். 'மழலைப் பள்ளி' என்று மட்டும் அந்த எழுத்தில் பெரிதாக வேண்டும் என்றார். பள்ளிக்குப் பெயர் வேண்டாமாம். போன் நம்பரும் வேண்டாமாம். எத்தனை வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தூரத்துலேர்ந்து தெரியணும்மா. அது போதும்."

சேர்க்கை நேரத்தில் போன் நம்பர் வேண்டாம் என்கிற பள்ளி உண்டா? முதலாளி பக்தவச்சலம், கேட்டதைப் போட்டுக்கொடு என்றார். போட்டுக்கொடுத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. தன் எழுத்தின் முகத்தைப் பார்த்து நம்பி, யாராவது பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டால்?

போர்டு மாட்டிய ஆல்வினிடம் வழி கேட்டுக்கொண்டு ஒரு மதியம் பீர்க்கன்கரணை போனாள். ஏரிப் பக்கத் தெருவில் போர்டு பளிச்சென்று இருந்தது. கேட் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு குட்டிச் செருப்புகூட இல்லை. எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்.

"ஸ்கூலா? ஒரு புள்ள வந்து நான் பாக்கல. உள்ள ஒரு பொம்பள கத்துற சத்தம்தான் கேக்குது."

கிறிஸ்டினா கேட்டைத் தட்டினாள். தனசிங் பாதி திறந்தார். அவளை அடையாளம் கண்டதும் அவர் முகம் மாறியது. உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"புள்ளைங்க எங்க சார்? உள்ள யாரு? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அவர் ஒதுங்கி வழிவிட்டார். ஹாலில் அவர் மனைவி மெட்டில்டா வாக்கரைப் பிடித்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடக்கிவிடும்போதெல்லாம் வலியில் கத்தினார். வீட்டு வாசலிலேயே தண்ணி லாரி இடித்ததாம்.

"மெதுவா போங்கன்னு எழுதி வெச்சேன்மா," என்றார் தனசிங். "ஒருத்தனும் மதிக்கல. இந்த எழுத்துல மழலைப் பள்ளின்னு பார்த்தா லாரிக்காரன் பிரேக்ல கால் வைக்கிறான்."

கிறிஸ்டினாவுக்குப் பயம் போனது, கோபம் போகவில்லை. "நம்பி ஒரு அம்மா வந்து நின்னா?"

"வந்தாங்க," என்றார் மெட்டில்டா, மூச்சு வாங்கியபடி. "சீட் ஃபுல்லுன்னு அனுப்பிட்டார்."

பொய்க்குத் தன் எழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள் அவள். ஆனாலும் அந்த வாரமே, 'குழந்தைகள் விளையாடும் தெரு' என்று அதே எழுத்தில் செய்து ஆல்வினோடு போய், பழையதை இறக்கிவிட்டு மாட்டினாள். அது உண்மை, தெருவில் பிள்ளைகள் இருந்தார்கள். தனசிங்கும் வெளியே வர, மூவரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். முதலில் வந்த லாரி வேகம் குறைத்தது. அடுத்தது குறைக்கவில்லை. தனசிங் சுவரில் சாய்த்திருந்த பழைய போர்டைப் பார்த்தார்.

கிளம்பும் முன் கிறிஸ்டினா அதை ஆல்வினின் வண்டியில் ஏற்றச் சொன்னாள். ஏற்றிக் கயிறு கட்டும்வரை அங்கேயே நின்றாள்.