ஈஸ்டரன்று வந்த கிரேக்கர்

1970ஆம் ஆண்டு ஈஸ்டர் மார்ச் 29ஆம் தேதி வந்தது. அன்று மதியம் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிரேக்க மாலுமி சாப்பிட வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவர் வந்ததற்குக் காரணம் அம்மாவின் நேர்ச்சை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சரக்குக் கப்பலில் கலாசியாகப் போயிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் வந்த கடிதத்தோடு சரி, பிறகு தகவலே இல்லை. தூர தேசத்துக் கப்பல்காரன் ஒருவனுக்கு ஈஸ்டரன்று தன் கையால் சமைத்துப் போடுவதாக அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பதிலுக்குத் தம்பிக்கு எங்காவது யாராவது சோறு போட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, தான் சரக்கு இறக்கிய கப்பலிலிருந்து இந்த மனிதரைச் சைகையாலேயே பேசி அழைத்து வந்திருந்தார். மாலை ஆறு மணிக்குள் அவர் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். வீட்டில் பேச்சுக்கு நான் இருப்பதாக அப்பாவுக்கு நினைப்பு. கான்வென்ட்டில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தட்டு நிறைய ஆட்டுக்கறி பிரியாணி வைத்தாள். அவர் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். ஓரத்தில் இருந்த வாழைப்பழத்தை மட்டும் எடுத்து உரித்தார்.

"வாழப்பயம் இன்னா நான் சமைச்சதா?" என்றாள் அம்மா.

அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய அகராதி ஒன்றை எடுத்து, 'ஃபாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடி, என் பக்கம் திருப்பினார். எனக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு அர்த்தங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிரேக்க எழுத்து. நான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் கிரேக்கத்தை வாசித்தார், ஜெபமாலையில் ஒருவர் சொல்ல மற்றவர் முடிப்பதுபோல.

உறுதியானது என்றேன். "ஸ்தாதெரோஸ்" என்றார். "துன்ன மாட்டேன்னு உறுதியா கீறான்போல" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பா. சாயம் போகாதது என்றேன். "பிரியாணில கலரு ஜாஸ்தின்றானா?" என்றாள் அம்மா. வேகமானது என்றேன். "கிரிகோரோஸ்." கடிகாரம் முந்தி ஓடுவது என்றேன். "அதான பாத்தேன், ஆறு மணிக்குக் கப்பலாண்ட போவணும்ல" என்று அப்பா கடிகாரத்தைக் காட்டிச் சமாதானம் சொன்னார். எதற்கும் அவர் இல்லை என்றே கையசைத்தார். கடைசி வரியில் விரலை ஊன்றினார். "நிஸ்தியா."

அங்கே எடுத்துக்காட்டு வாக்கியமே போட்டிருந்தது. "தவக்காலத்து நோன்பு!" என்று கத்தினேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

"தவக்காலம் நேத்தோட முட்ஞ்சி போச்சே நைனா. உங்க ஊர்ல ஆண்டவரு இன்னும் உயிர்த்தெழலியா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தோம், அம்மாவைத் தவிர.

"நம்ம வூட்ல துன்ன இஷ்டம் இல்ல. அதுக்கு ஒரு சாக்கு" என்றாள். பிறகு சுவரிலிருந்த மாமாவின் படத்தைக் கழற்றி வந்து அவர் முன்னால் நீட்டினாள். "என் தம்பிப்பா. எந்தக் கடல்ல கீறானோ. துன்னானா, இல்லியான்னுகூட தெர்ல."

இதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் என்னிடம் அவ்வளவு ஆங்கிலம் கிடையாது. அவர் படத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அகராதியை மூடிப் பையில் வைத்தார். எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார், வலது தோளை முதலில் தொட்டு, பிறகு இடது தோளை.

"சிலுவையக்கூட மாத்திப் போட்றான் பாரு" என்றார் சித்தப்பா.

கிரேக்கர் உட்கார்ந்து சாப்பிட்டார். கறித்துண்டு ஒன்றையும் ஒதுக்கவில்லை. அம்மா மறுபடி வைத்தபோதும் மறுக்கவில்லை. போகும்போது அம்மா வாசல் வரை வந்து வழியனுப்பினாள். எனக்குத்தான் கோபம். அரைப் பக்கம் வாசிக்க வைத்து ஏமாற்றிவிட்டார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்.

மாமாவின் கடிதம் மே மாதம் வந்தது. அந்தச் சாப்பாட்டின் பலன்தான் என்று அம்மா கடைசி வரை நம்பினாள்.

கிரேக்கத் திருச்சபை ஈஸ்டரை வேறு கணக்கில் கொண்டாடுகிறது என்பதை நாற்பது வயதுக்கு மேல் ஒரு புத்தகத்தில் படித்தேன். 1970க்கு மட்டும் தேதியைத் தேடிப் பார்த்தேன். அவர்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 26. எங்கள் வீட்டில் அவர் தட்டின் முன் உட்கார்ந்தபோது அவருடைய நோன்பில் இன்னும் நான்கு வாரம் பாக்கி.

அந்த வருடம்தான் நான் டைரி எழுதத் தொடங்கியிருந்தேன். மார்ச் 29ஆம் தேதிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது இன்னும் அழியவில்லை: "கிரேக்கர் வந்தார். நோன்பு என்று பொய் சொன்னார். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். ருசி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டார்."