அயர்லாந்துக்காரருக்கு வெள்ளையடித்த கதை

நவம்பர் பிறந்தால் செத்தவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள் ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன்பே சேமக்காலைக்குப் போய், சொந்தக்காரரின் கல்லறைகளில் புல் பிடுங்கி, வெள்ளையடித்து, அன்றைக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். லண்டனுக்கு வந்த எங்களுக்கோ இங்கே செத்த சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. இந்தக் குறை அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பத்து வயதானபோது, ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த சேமக்காலையில் புல் மண்டிக் கிடந்த ஒரு கல்லறையை அவர் தத்தெடுத்தார்.

கல்லில் ஒரு பந்து செதுக்கியிருந்தது. அப்பாவுக்கு அது போதும். கோயிலில் பங்குத்தந்தையைப் பிடித்து விசாரித்தார். அப்பாவின் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிடும் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில். படுத்திருந்தவர் அயர்லாந்துக்காரர், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, பதினொரு வருடம் கால்பந்தாடியே சோறு தின்றவர். தலையால் அடிப்பதில் கெட்டிக்காரர். நாடு இரண்டாகப் பிரிந்தபின் இரண்டு பக்கமும் தத்தம் அணியைத்தான் அயர்லாந்து என்றன. இரண்டும் இவரைக் கூப்பிட்டன, இவர் இரண்டுக்கும் ஆடினார். முழங்கால் போனபிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இதையெல்லாம் அப்பா சாப்பாட்டு மேசையில் சொந்தத் தாய்மாமன் கதை மாதிரிச் சொல்வார். அம்மா புட்டைப் போட்டபடி "ஓம், ஓம்" என்பார்.

திருநாளுக்கு முதல் வாரம் அப்பா பெயின்ட் வாளியோடு கிளம்பினார். நானும் ஒரு தூரிகை பிடித்தேன். மூன்று பூச்சு. ஊர் வழக்கப்படி பெயரைக் கறுப்பில் திரும்ப எழுதுவதுதான் திட்டம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெயர், பந்து எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன.

மிச்ச வேலையை முடிக்கச் சனிக்கிழமை நாங்கள் போனபோது கல்லின் முன்னால் எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றார். ஆட்டக்காரரின் மகள். மறுநாள் திருநாள் பூசைக்காகத் தூரத்து ஊரிலிருந்து வந்தவர்.

"என் அப்பாவின் பெயர் எங்கே?" என்று அதட்டினார்.

நான் சொல்லி முடிக்குமுன்பே அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "நாளைக்குப் பூசைக்கு முதல் பேர் வரும் எண்டு சொல்லு பிள்ளை. வராமல் நான் வீட்டை போகமாட்டன்."

மருந்து ஊற்றிக் கழுவினால் கல் கெட்டுவிடும் என்றார் சேமக்காலைக்காரர். ஆகவே பல் துலக்கும் பிரஷ், சுடுதண்ணீர், மரக்குச்சி. முழங்காலில் நின்று எழுத்தெழுத்தாகச் சுரண்டினோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு மணித்தியாலத்தில் விரல் விறைத்து அதுவும் போய்விட்டது. அப்பா நிமிரவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மா, கடைசியில் கைப்பையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் குந்தினார். சேமக்காலை பூட்டும் நேரத்துக்குப் பெயர் முழுதாக வந்துவிட்டது. பந்தும் பாதி வந்திருந்தது.

"இவ்வளவு கல்லறை இருக்கிறதே, ஏன் என் அப்பா?" என்று அவர் கேட்டார். இப்போது குரலில் கோபமில்லை.

அப்பா சுரண்டியபடியே சொன்னார்: "எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். நல்லாப் பந்தடிப்பான். அவனுக்குக் கல்லறை இல்லை எண்டு சொல்லு."

எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பாவுக்கு இரண்டு அக்காமார்தான் என்பது எனக்குத் தெரியும். தம்பி என்று ஒருவரின் படத்தை வீட்டில் நான் கண்டதில்லை, பேச்சைக் கேட்டதில்லை. செய்த பிழையைச் சமாளிக்கச் சேமக்காலையில் வைத்தே பொய் சொல்கிறாரே என்று வெட்கமாக இருந்தது. சித்தப்பாவைப் பற்றி அம்மா வாய் திறக்க இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது.

"அப்பாவுக்கு அந்தப் பந்து பிடித்துவிட்டதாம்" என்று அப்பாவுக்குப் பிடிபடாத வேகத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா நிமிர்ந்து அவரையே பார்த்தார். பிறகு குனிந்து மிச்சப் பெயின்டைச் சுரண்டத் தொடங்கினார்.