நாலாம் நம்பர் தொட்டியில் வந்த பதில்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். இருட்டினால்தான் பயம் வரும் என்று யார் சொன்னது?

வைக்கோல், சோளத்தட்டை, கரும்புச் சக்கை என்று வயலில் மிஞ்சுவதை அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, வண்டிக்கு ஊற்றும் எத்தனால் எடுக்கிற ஆலை அது. புளிக்கவைக்கும் தொட்டி ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். கழுவ ஒருவர் உள்ளே இறங்கினால், மேலே தொட்டியின் வாய்ப் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். பம்பு இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே இருப்பவர் சுத்தியலால் தொட்டித் தகட்டில் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு திருப்பித் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் உடனே அபாயச் சங்கு.

அன்று நாலாம் நம்பர் தொட்டியின் மேலே நின்றது ஆபரேட்டர். இறங்கியது அவர் தங்கையின் புருஷன்.

“காத்து பாத்தாச்சா மச்சான்?”

“பாத்தாச்சு மாப்பிள்ள. மீட்டர் பச்சை காட்டுது.”

“எனக்கு ஏதாவது ஆச்சு, உங்க தங்கச்சி உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

சிரித்துக்கொண்டே இறங்கினான். மணி மதியம் 2.10.

ஆபரேட்டர் மீட்டரைத் தொட்டியின் வாயில் மட்டும் பிடித்துப் பார்த்திருந்தார். கயிற்றில் கட்டி அடிவரை விடவில்லை. புளிக்கும்போது வரும் கெட்ட காற்று கனமானது, அடியில்தான் தேங்கும். இருபது வருஷமாக இதைப் புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அன்று பசி. என்ன சொல்ல!

2.15. தட்டினார். டக் டக். உள்ளிருந்து பதில் வந்தது. டக் டக்.

2.20. பதில் வந்தது. எட்டிப் பார்த்தார். ஒரே ஆவி மூட்டம். அடியில் தலைவிளக்கின் வெளிச்சம் மட்டும் ஓர் ஓரமாகத் தெரிந்தது.

2.25. வெளிச்சம் அதே இடத்தில் இருந்தது. அங்கே அழுக்கு அதிகம் போல என்று நினைத்துக்கொண்டார். பதில்தான் வந்துவிட்டதே...

2.30. சத்தம் அடியிலிருந்து வரவில்லை. அவர் கை வைத்திருந்த தகட்டுக்கு நேர் பின்னால் கேட்டது. ஏணியைப் பார்த்தார். ஏணியில் யாரும் இல்லை. அந்த உயரத்தில் கால் வைக்க வேறு இடமும் கிடையாது.

2.35. அவர் தட்டி முடிப்பதற்குள் பதில்.

2.40. உள்ளங்கையிலேயே தட்டியது போல் இருந்தது.

2.45. சுத்தியலை ஓங்கினார். இன்னும் தட்டவில்லை...

டக்... டக்...

“மாப்பிள்ள?”

சத்தமே இல்லை.

சங்கை அழுத்தினார்.

ஆக்சிஜன் முகமூடி போட்ட இரண்டு பேர் இறங்கித் தூக்கி வந்தார்கள். அவனுடைய சுத்தியல் இடுப்பு உறைக்குள் இருந்தது. உறையின் பொத்தான் போட்டபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேட்டருக்கு அழுகை வரவில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். தங்கை வந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“நீங்க மேல நின்னு என்னண்ணா பண்ணீங்க?”

“தட்டினேம்மா. ஏழு தடவையும் பதில் வந்துச்சு.”

அவள் கை மெல்லச் சட்டையை விட்டது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“அடியில கால் வெச்சதுமே மயங்கி விழுந்திருக்கார். அதுக்கப்புறம் விரலைக்கூட அசைச்சிருக்க முடியாது.”

ஆபரேட்டர் தலையாட்டினார்.

“அஞ்சாறு நிமிஷத்துல சங்கு அடிச்சுத் தூக்கியிருந்தாக்கூடப் பொழச்சிருப்பார். ஏன் சார் அவ்வளவு நேரம் விட்டீங்க?”

கதவுக்கு வெளியே தங்கை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “அண்ணன் மேல தப்பே இல்லைங்க. கடைசி வரைக்கும் அவர் பதில் குடுத்துட்டுத்தான் இருந்திருக்கார்.”