டிசம்பரில் அளந்த ஏரி

கட்டடக்கலைஞனாக நான் வரைந்ததிலேயே மோசமானது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். நாவலூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்காக வரைந்த படகுத்துறை. அதை நம்பி அங்கே முதல் ஆளாக வீடு வாங்கியது யார் என்று அடுத்த கேள்வி வந்தால்தான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். வாங்கியது என் அக்கா.

அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரம் கிடைக்கல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். கிழக்குத் தாம்பரத்தில் அப்பா வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். அப்பாவுக்குப் பிறகு அது என் வீடானது. அக்கா அதே அறையில் இருந்தாள். ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால்கூட என் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள். "இதெல்லாமா கேப்பீங்க, அக்கா" என்று இவள் கோபித்துக்கொள்வாள். அடுத்த முறையும் அக்கா கேட்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு அந்த வேலை வந்தது. ஏரியை ஒட்டிய நிலம், இருநூறு வீடு, தண்ணீரோரம் ஒரு படகுத்துறை. விளம்பரத் தாளில் 'மெரினா' என்று போட்டிருந்தார்கள். "சுண்டல் கிடைக்குமா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். வெளிநாட்டுப் புத்தகங்களில் பார்த்த படகுத்துறைகளைப் பற்றி அவளுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன்.

இடத்தைப் பார்க்க நான் போனது ஒரு டிசம்பர் மாதம். மழை ஓய்ந்து, ஏரி நிரம்பி, கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. வெயில் உறைக்கவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் ஏரியைப் பார்க்கப் போகிற மாதம் அதுதான். மே மாதத்தில் யார் போவார்கள்? தண்ணீர் நின்ற இடத்தில் முளை அடித்து, அந்தக் கோட்டிலிருந்து கான்கிரீட் தூண்களை நிறுத்தி ஒரு துறை வரைந்தேன். வாத்து வடிவத்தில் ஆறு மிதிபடகுகள். குடியிருப்பவர்கள் மட்டும் வர, கம்பிவேலி, கேட், காவலாளி. மேட்டு ஏரியிலிருந்து தண்ணீர் வரும் கால்வாய் ஒன்று நிலத்தின் குறுக்கே போனது. அது அன்று குப்பை நிறைந்த ஒரு பள்ளமாகத்தான் தெரிந்தது. ஒரு குழாயைப் பதித்து, மேலே சுற்றுச்சுவரை இழுத்துவிட்டேன்.

வரைபடத்தை வீட்டில் விரித்தபோது அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "மே மாசம் தண்ணி எதுவரைக்கும்டா இருக்கும்?" என்றாள். "ஏரிக்கா அது. எங்க ஓடிப்போயிடும்?" என்றேன். முப்பது வருஷம் பருவமழையைப் பாடம் நடத்தியவள் அதோடு விட்டுவிட்டாள். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டு முதல் மாடியில் ஏரி தெரிகிற ஒரு வீட்டை வாங்கினாள். குடிபோன அன்று, பால் காய்ச்சி, ஜெபம் முடிந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏழு ஆணிகள் அடித்தாள். மாட்டுவதற்குப் படம் மூன்றுதான் இருந்தது. "மிச்சம் எதுக்குக்கா?" என்றேன். "இருக்கட்டும்டா, என் சுவர்தானே" என்றாள். அறுபது வயதில் அவள் முகம் அப்படி ஜொலித்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரலில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மே மாதம் துறையின் முனையில் நின்றால் எதிரே வெடித்த சேறு. அதைத் தாண்டி எங்கோ தண்ணீர். ஆறு வாத்துகளும் சேற்றில் குப்புறக் கிடந்தன. அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்தது, கூடவே ஆகாயத்தாமரையும் வந்து கரையோரம் முழுக்க மூடியது. கொசு, நாற்றம். கடைசி வீடு விற்றதும் கட்டியவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏரிக்கரையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு என் வரைபடத்தில் ஒரு வரிகூட இல்லை. படகுகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தவரும் வேலையை விட்டுப் போனார். ஒவ்வொரு வீடாக 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது.

அக்கா ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். "எப்படிக்கா இருக்கு வீடு?" என்று கேட்டால், "காத்து நல்லா வருதுடா" என்பாள். ஜன்னலைத் திறந்தால் என்ன காற்று வரும் என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் இல்லாமல் எங்கள் வீடு நன்றாகவே இல்லை. எங்கள் பெண் கேட்டும் கொடுக்காமல், அக்காவின் அறையை அப்படியே வைத்திருந்தோம். அந்த இடம் உருப்படாது, அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்று நானும் என் மனைவியும் வெட்கமில்லாமல் பேசிக்கொள்வோம்.

பிறகு ஒரு நவம்பரில் விடாமல் மழை. மேட்டு ஏரி நிரம்பி, கால்வாயில் இறங்கிய தண்ணீர் என் சுவரில் வந்து முட்டியது. குழாய் எத்தனை நேரம் தாங்கும்? சுவரைச் சுற்றிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குள் பாய்ந்தது. மின்சாரம் இல்லை, அக்காவின் போனும் கிடைக்கவில்லை. காலையில் கிளம்பி, வண்டி போனவரை போய், மிச்ச தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன்.

கேட் அருகே போனபோது உள்ளேயிருந்து ஒரு வாத்துப் படகு வந்தது. அந்த ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்து, நாங்கள் வேலி போட்டு விரட்டிய வலைக்காரர்களில் இரண்டு பேர் அதை இழுத்து வந்தார்கள். அன்று காலையிலிருந்து ஆறு படகுகளையும் வைத்து அவர்கள்தான் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். வாத்தின் வயிற்றில், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு என் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வரைந்த படகு, நான் வரைந்த கார் நிறுத்துமிடத்தில் ஓடியது.

என்னைப் பார்த்ததும், "டேய், படகு நல்லாத்தான் மிதக்குது" என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

மூன்று வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். எங்களுக்குக் கொண்டாட்டம். நான் தினமும் சீக்கிரமே வீடு திரும்பினேன். அக்காவுக்குப் பிடித்த மீன் குழம்பாக வைத்துத் தள்ளினாள் என் மனைவி. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மொட்டைமாடியில் அக்கா ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடியில் இடம் தாராளமாக இருந்தது. நான் வருவதைப் பார்த்து, "இங்க காயப்போடலாமாடா?" என்றாள். ஏதோ சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். சொந்தச் சுவரில் ஏழு ஆணி அடித்த கையா இது? இவளைத் திரும்ப இப்படிக் கேட்கவைக்கத்தானா நான் இவ்வளவு நாள் ஆசைப்பட்டேன்?

அன்று சாயங்காலம் அவளே சொன்னாள். குடியிருப்புச் சங்கம் கூடப்போகிறது. துறையை இடித்துவிட்டு, சுவரை இன்னும் உயர்த்திவிட்டு, முடிந்தவர்கள் விற்றுவிடலாம் என்று பேச்சு. எல்லோரும் போய்விட்டால் அவள் மட்டும் இருக்க முடியாது. "நீ வந்து பேசு" என்றாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுக்கா வர்றது?"

"வரைஞ்சியே, அதே மூஞ்சிய வெச்சுகிட்டு வா."

பேசப் போவதற்கு முன் ஏரியைச் சுற்றி நடந்தேன், முதல் முறையாக. அக்காவின் படகை இழுத்த வலைக்காரர்களில் ஒருவர் மதகுப் பக்கம், தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் கட்டிய மிதவை மேல் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், இப்பதான் ஏரி கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, ஆகாயத்தாமரை ஏன் இப்படி மண்டிவிட்டது என்று கேட்டேன்.

"நாங்க வலை போட்டுகினு இருந்தப்போ அத்த இழுத்துக் கரைல போட்ருவோம். இல்லாங்காட்டி வலை மாட்டிக்கும். நீங்க கேட் போட்டீங்கோ. நாங்க வரல, அது வந்துச்சு."

அவ்வளவுதான் விஷயம். காசு வாங்கி வரைந்த நான் யாரிடமும் கேட்காத விஷயம். கோடையிலும் வற்றாத பள்ளம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். "மே மாசம் வா சார், காட்றேன்" என்றார். அதுவரை எதையும் கட்டக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சங்கக் கூட்டத்தில், நான் செய்தது தப்பு என்று முதலில் சொன்னேன். தொழிலில் அதுவரை நான் சொல்லியிராத வாக்கியம். சுவரை உயர்த்தினால் அடுத்த மழையில் தண்ணீரும் உயரும்; கால்வாய் வரும் அகலத்துக்குச் சுவரை இடித்து வழிவிடுங்கள், தாழ்வான மூலையில் கார் நிறுத்தாமல் தண்ணீருக்கே விட்டுவிடுங்கள் என்றேன். கான்கிரீட் துறைக்குப் பதில், நீல நிற டிரம்கள் மேல் பலகை அடித்த ஒரு மிதவைத் துறை போதும். தண்ணீர் இறங்கினால் அதுவும் இறங்கும், தள்ளிப்போனால் பின்னாலேயே இழுத்துப் போகலாம். படகு இரண்டு போதும், மழைக்குப் பிந்தைய மாதங்களில் மட்டும், வலைக்காரர்களே ஓட்டட்டும். கேட்டைப் பகலில் திறந்துவையுங்கள், பஸ் ரோட்டிலிருந்து கரைவழியே பாதை விடுங்கள் என்றபோதுதான் சத்தம் கிளம்பியது. "கண்டவங்களும் உள்ள வருவாங்க சார்!"

அக்கா எழுந்தாள். வகுப்பை அடக்குகிற குரல் அவளுக்கு இன்னும் போகவில்லை. "பீச்சுக்கு நாம எல்லாரும் போயிருக்கோம்ல? அதுக்குக் கேட் போட்டிருந்தா நம்மள உள்ள விட்டிருப்பாங்களா? இத்தனை வீட்டுக்காரங்க இருந்தோமே, வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அந்தப் படகுல யாரு ஏறினோம்? ஆள் வந்தாத்தான் இடம் சுத்தமா இருக்கும். ஒரு வருஷம் பாப்போம். சரியா வரலன்னா நானே முதல்ல வித்துட்டுப் போறேன்."

அரை மனதோடு ஒத்துக்கொண்டார்கள். மே மாதம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வலைக்காரர் முன்னால் நடக்க, சேற்றில் வழுக்கி இரண்டு முறை விழுந்து, ஏரியை மறுபடி அளந்தேன்.

அந்த வருஷ மழையில் தண்ணீர் கால்வாய் வழியே வந்தது, கால்வாய் வழியே போனது. தாழ்ந்த மூலையில் கணுக்கால் அளவு நின்று வடிந்தது. நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்லடா, போய்ச் சாப்பிடு" என்று அக்கா கடைசியில் போன் செய்தாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் மனைவியும் போனோம். கரையில் உட்கார இடமில்லை. ஐ.டி. பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பெண்கள், ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை. மிதவைத் துறையில் அக்கா நின்றுகொண்டு, வலைக்காரர் கொண்டுவந்த விரால் மீனைச் சரியாகக் கழுவவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சரம்மா, வுடும்மா, தேய்ச்சுத் தர்றேன்" என்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு நப்பாசை. "அக்கா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு. எப்ப வேணும்னாலும் வந்துடலாம்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத உன் பொண்ணுக்குக் கொடுத்துடுடா. எனக்கு வீடு இருக்கு."

சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினேன். மேடவாக்கம் சிக்னல்வரை தாங்கினேன். அங்கே உடைந்து அழுதேன். பச்சை விழுந்தது, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். "போட்ட பிளான் நல்லா வந்ததுக்கு அழுவுற மொத ஆளு நீங்கதான்" என்று என் மனைவி கைக்குட்டையை நீட்டினாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.