வானொலியில் பிறந்த என் மகன்

மலேசியாவின் வடக்கே கிரிக் நகரிலிருந்து லோரியில் நான்கு மணி நேரம் போனால், அதற்கு மேல் லோரியே போக மறுக்கும் ஒரு காடு வரும். எழுபதுகளின் பின்பாதியில் அங்கே சாலை போடுவதற்கு நிலம் அளந்த கூட்டத்தில் நான் அளவுச் சங்கிலி இழுத்தேன். மழை, அட்டை, மூங்கில், மறுபடியும் மழை. உலகத்தோடு எங்களுக்கு இருந்த ஒரே உறவு பத்து நாளைக்கு ஒருமுறை வரும் சாமான் லோரி. அரிசி, கருவாடு, வேறு யாருக்கோ வந்த கடிதம் எல்லாவற்றையும் அது தவறாமல் கொண்டுவரும்.

எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அந்தச் செய்தி என் கைக்கு வர ஒன்பது நாளாயிற்று. தந்தி நான்கு நாள் தபாலாபீசில் கிடந்தது, ஐந்து நாள் எங்கள் லோரிக்குச் சாமான் ஏற்றும் கடையில் கருவாட்டு மூட்டைக்கு அடியில் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் நான் சீட்டு விளையாடினேன், சிரித்தேன், அப்பனாகப் போகிறேன் என்று குரங்குகளிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் இரண்டாம் முறை, தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மனைவியை அவள் தாய்வீட்டில் விட்டுப் புறப்பட்டபோது, எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நல்லதோ கெட்டதோ, உடனே தெரிய வேண்டும். தோட்டத்து ஆபீசில் தொலைபேசி ஒன்று இருந்ததுதான். கணக்கெழுதும் கிராணி அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். கட்டாமல் இருந்தாலும் அது என் காட்டில் எந்த மரத்தில் மணியடிக்கும்?

வழி சொன்னவர் மனைவியின் அண்ணன். தோட்டத்து ரப்பர் பால் லோரி ஓட்டுபவர். மீதி நேரமெல்லாம் வானொலிக்குத் தபால் அட்டை எழுதுபவர். பிறந்தநாள், சடங்கு, பரீட்சையில் பாஸ், எதுவானாலும் ஒரு பாட்டுக் கேட்டு அட்டை போடுவது எங்கள் ஜனங்களின் வழக்கம். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் வாழ்த்துவோர் பெயர்களை வாசிப்பார். பாட்டு மூன்று நிமிடம், பெயர்கள் ஐந்து நிமிடம். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து முறுக்கு வராது.

"மாப்பிள, காட்டுல ரேடியோ இருக்குலா?"

"இருக்கு மச்சான்."

"பிறகென்ன? நாட்டுக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமப் போவுமா?"

நானே அட்டையை எழுதி, பிறந்ததும் போடச் சொல்லி மச்சானிடம் கொடுத்தேன். வயது வரிசைப்படி இருபத்திரண்டு பெயர்கள். கீழே, "தாயும் சேயும் நலம்." மகனா மகளா என்பதற்கு மட்டும் ஓர் இடம் விட்டேன். கடவுள் நிரப்ப வேண்டிய இடம்.

காட்டுக்குத் திரும்பியதும் எங்கள் மலாய்க்கார சர்வேயரிடம் லீவு கேட்டேன். "முதல்ல பிறக்கட்டும், பிறகு கேள்" என்றார் மலாயில். பிறப்பதற்கு முன் லீவு கொடுக்க விதி இல்லையாம்.

ஞாயிறு மதியங்களில் சமையல்கார பாயின் கூடாரத்தில் வானொலி தொங்கும். யாராவது ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றால்தான் பேசும். இரண்டாவது ஞாயிறு நான் கம்பியோடு நின்றுகொண்டிருந்தேன். என் மாமனார் பெயர் வந்தது. பெரிய மாமியார் வந்தார். இருபத்திரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக என் விரல் வழியே இறங்கினார்கள். "மகன் பிறந்திருக்கிறான். தாயும் சேயும் நலம்."

கம்பியை விட்டுவிட்டு அழுதேன். அந்த வரியை எழுதியவன் நான்தான் என்பது அப்போது எனக்கு நினைவே வரவில்லை.

பாய் கோழி அறுத்தார். "ஆம்பளப் புள்ளடா! இனி உன் சங்கிலிய இழுக்க ஆள் வந்துட்டான்லா!" சர்வேயர் ஒரு வாரம் லீவு கொடுத்து, காரணம் என்ற இடத்தில் 'மகன் பிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஈப்போவில் பஸ் மாறும்போது நீலச் சட்டை ஒன்று, உள்ளங்கையளவு, வாங்கினேன்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் குழாயடியில் ஒருத்தி வாளியோடு நின்றாள். வயிறு முன்னே, அவள் பின்னே. என் மனைவி.

"என்னங்க முழிக்கிறீங்க? ரேடியோக்காரங்க பெத்தாச்சு. இனி நான் எதுக்குப் பெக்கணும்?"

மச்சான் லோரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"கோவிச்சிக்காதீங்க மாப்பிள. எந்த அட்ட போட்டாலும் வாசிக்க மூணு வாரம் ஆவும். பொறந்த பிறகு போட்டா, புள்ள நடக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும். அதான் கணக்குப் பண்ணி முன்னாடியே போட்டேன். பாவிங்க நாலே நாள்ல வாசிச்சிட்டானுங்க!"

"சரி, மகன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா அந்த எடத்தச் சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?"

அவரைத் திட்டுவதற்கு வாய் திறந்தேன். அதற்குள் மனைவி என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே யாரோ உதைத்தார்கள். எந்த வானொலியும் எனக்கு அதை வாசித்துச் சொல்லியிருக்க முடியாது. "போன தடவ நீங்க இல்ல" என்றாள். பிறகு வாளியைத் தூக்கச் சொன்னாள்.

நான்காம் நாள் காலை தாப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். கையில் கம்பி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் வீரிட்டது. இரைச்சல் கலக்காமல், பெயர்ப் பட்டியல் இல்லாமல், நேராக என்னிடம் வந்தது. மகள். தாயும் சேயும் நலம், இம்முறை நர்ஸ் சொன்னார்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து புது அட்டையை எடுத்தார். "மாப்பிள, ஒரு திருத்தம் போட்டுறலாமா?"

வேண்டாம் என்று நானே போனேன். லயத்தில் வீடு வீடாக நின்று, மகள் பிறந்திருக்கிறாள் என்று என் வாயால் சொன்னேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கடைசி வீட்டு அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மகன்னு ரேடியோவுல சொன்னாங்களே தம்பி?"

"நான் இப்பத்தான் கண்ணால பாத்துட்டு வாரேன் அக்கா."

"அப்படியா?" அவருக்கு நம்ப மனசே வரவில்லை. "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துருங்க தம்பி. ரேடியோவுல பொய் சொல்ல மாட்டாங்க."

பார்க்கத்தான் போனேன். லீவு தீர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த நீலச் சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.