மெயின் சுவிட்சில் ஒட்டிய மெழுகு

தவராசா அண்ணன் போய்விட்டார் என்று கல்லடியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். துக்கத்தோடு ஒரு நிம்மதியும் என்னுள் எழுந்தது. அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவரோடு வயரிங் வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் இருவருக்குமிடையில் நடந்தது தெரியாது.

சுனாமியில் இடிந்த பாடசாலையைத் திரும்பக் கட்டினோம். நான் பொறியியலாளர், அவர் மின்வேலைப் பொறுப்பாளர். உதவியாக வந்த கேபிளில் தொண்ணூறு பாகைச் சூடு தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பி, அந்த மெல்லிய கேபிளே போதும் என்றேன். அவர் மறுத்தார்.

"சேர், கேபிள் தொண்ணூறு தாங்கும். அதைப் பூட்டுற சுவிட்ச் முனை அறுபதுதானே தாங்கும்? ரெண்டில குறைஞ்சதைப் பாத்துத்தான் கம்பி எடுக்கணும். தடிச்சது போடுவம்."

திறப்பு விழா நெருங்கிவிட்டது. சுனாமியில் போன மகளின் ஆண்டுத் திவசத்துக்கு அவர் தேற்றாத்தீவுக்குப் போன நாளில், வேறொருவரைக் கொண்டு அந்த மெல்லிய கேபிளையே பூட்டுவித்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை. திரும்பி வந்தவர் சண்டை பிடிக்கவில்லை. மெழுகுதிரியில் ஒரு பொட்டுக் கிள்ளி முனையருகே ஒட்டினார்.

"சூடு கூடினா இது உருகும். உருகினா, மறுகா எண்டாலும் மாத்துங்க."

போர் நெருங்க, பனிச்சங்கேணிப் பக்கத்துச் சனம் அந்தப் பாடசாலையில் தஞ்சம் புகுந்தது. தண்ணீர் மோட்டரும் விசிறிகளும் ஓயாமல் ஓடின. மெழுகு உருகிவிட்டது என்று வந்து சொன்னார். "அடுத்த கிழமை பாப்பம்" என்றேன். அதற்குள் சுவிட்ச் புகைந்தது. உள்ளே குழந்தைகள். காய்ந்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு கைபிடியை இழுத்து நிறுத்தினார். சனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டிப்போயின.

விசாரித்தவர்களிடம் "என்ட கவனக்குறைவு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. பிறகு தடித்த கேபிள் வாங்கிக் கொடுத்தேன். இடக்கையால் அவரே பூட்டினார்.

செத்த வீட்டில் அவர் மனைவி என்னிடம் கேட்டார்.

"இவ்வளவு கவனமான மனிசன், அண்டைக்கு மட்டும் எப்பிடி சேர் பிழை விட்டவர்?"

"தெரியா அக்கா" என்றேன்.

அவர் கிள்ளிய மெழுகுதிரியின் மிச்சத் துண்டு என் மேசையில் இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் உள்ளது அதுதான்.

அக்கா, அவர் பிழை விடவில்லை. விட்டது நான்.